பூவுக்கும் கடைக்கும் நடுவே

பூவையும் கடையையும் சேர்த்தால்
நடுவில் ஒரு க் வந்து நிற்கும்.
அது பூவிலும் இல்லை, கடையிலும் இல்லை.
அதற்கு மாதம் எவ்வளவு?

துர்க்கு நகரத்தின் நவம்பர் ஈரத்தில்
சைலா ஹியெதஹார்யு பார்ப்பது
அந்த ஒற்றின் வேலை.
நூறு பேர் நூறு கோப்பு எழுதுவார்கள்.
ஒரு கோப்பு தன்னிடம் இல்லாத பெயரைக் கூப்பிடும்.
அந்தப் பெயர் எந்த வீட்டில் குடியிருக்கிறது என்று
தேடிப் பிடித்து, முகவரி எழுதி,
மொத்தத்தையும் ஒரே நிரலாகத் தைக்கும் லிங்க்கர்.
பதினொன்றரை நிமிடம் பிடித்ததை
நாற்பது நொடியாக்கினாள்.
கவனித்தது காபி எந்திரம் மட்டும்தான்:
அதன் முன்னால் இப்போது வரிசை இல்லை.

பத்தாண்டு அனுபவம்.
நாலாயிரத்து எண்ணூற்று இருபது யூரோ,
வரி பிடிப்பதற்கு முன்.

அந்த நாட்டில் நவம்பரில் ஒரு நாள்
யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பது
யாரும் கேட்டுப் பார்க்கலாம்.
பொறாமை நாள் என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.
பார்த்தாள்.
பொத்தான்களுக்கு நிறம் தேர்கிற ஓஸ்மோ
அவளைவிட ஒரு மாடி மேலே இருந்தான்.
நல்லவன்.
அதுதான் சங்கடம்.

அதே வாரம் கோபன்ஹேகனிலிருந்து கடிதம்:
"லிங்க்கரில் உங்கள் அனுபவம் எங்களைக் கவர்ந்தது.
மாதம் ஏழாயிரத்து ஐநூறு. பேசலாமா?"
மூன்று முறை படித்தாள்.
நாலாவது முறை தொகையை மட்டும்.

சமையலறை மேசை.
மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கம்பளிக் காலுறை.
திரையில் மூன்று முகம்.
நடுவிலிருந்த போடில் ராவ்ன் கேட்டார்:
"உங்கள் லிங்க்கர் ரத்தத்தில் எத்தனை நாள் தாங்கும்?"

டேனிஷ்காரர்கள் இப்படித்தான் வேடிக்கை பேசுவார்கள் போல.
"என்னுடையது அவிழாது."
"அவிழவே அவிழாதா?"
"அவிழ்ந்தால் என்னை எழுப்புவார்கள்,
ஞாயிற்றுக்கிழமையானாலும்."
குறிப்பெடுத்த பேனா நின்றது.
"அப்புறம் மருந்து எப்படி வெளியே வரும்?"

மருந்தா?

அவர்கள் கூடத்தில் லிங்க்கர் என்பது
நோயெதிர்ப்புப் புரதத்தின் முதுகில்
நஞ்சைக் கட்டிவைக்கும் குட்டிக் கயிறு.
ரத்தத்தில் இறுகிக் கிடக்க வேண்டும்.
புற்றுச் செல்லுக்குள் நுழைந்ததும்
கையை விட்டுவிட வேண்டும்.
ஒரே சொல்;
ஆள் தேடும் நிரல் எதுவோ
இருவரையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது.

"வழியிலேயே அவிழ்ந்தால்?" என்றாள் சைலா.
"முடி கொட்டும். சில சமயம் ஆளே போய்விடுவார்."
"உள்ளே போயும் அவிழாவிட்டால்?"
"ஒன்றும் நடக்காது. அப்போதும் ஆள் போவார்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்,
மன்னிப்புக் கேட்டார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள்.
விடைபெறும்போது சைலா சும்மா சொன்னாள்:
"கயிறு கட்ட நல்ல சம்பளம்தான்."
போடில் கண்ணாடியைக் கழற்றினார்.
"புதிதாக வருகிறவருக்குத்தான் அந்தத் தொகை.
பதினாறு வருடமாகக் கட்டுகிறேன்.
எனக்கே அவ்வளவு இல்லை."
மற்ற இரண்டு முகமும்
மேசையில் எதையோ தேடத் தொடங்கின.

அன்றிரவு சைலா கடிதத்தை அச்சிட்டாள்.
அதில் மருந்து என்ற சொல் எங்குமே இல்லை;
தேடித் தேடிப் பார்த்தாள், இல்லை.
திங்கட்கிழமை மேலாளர் ரௌனோவின் முன் வைத்தாள்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் மூன்று முறை படித்தார்.
நாலாவது முறை தொகையை மட்டும்.

அறுநூறு கூடியது.
பொய் சொன்னோமா என்று
பேருந்தில் இரண்டு நிறுத்தம் யோசித்தாள்.
மூன்றாவதில் இறங்கி
போடிலுக்கு ஒரு வரி அனுப்பினாள்:
"கேளுங்கள். கொடுக்கிறார்கள்."

பதில் வரவில்லை.
கேட்டாரா, கொடுத்தார்களா,
போய்ப் பார்க்கவும் வழியில்லை.
டென்மார்க்கில்
பொறாமை நாள் கிடையாது.